அத்தான் விட்ட காபி

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுவது. ஆண்டவன் கருணையால் நாங்கள் இருவரும் சுகம். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று நின்று உன் கால் வீங்குமே, இப்போது தேவலையா? உன் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா?

பக்கத்திலேயே போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என் கழுத்து ஆபரேஷனையும் அந்தத் தையலையும் தவிர வேறெதையும் கேட்பதில்லை. காகிதத்தில் என்றால் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கலாம்.

விஷயம் இதுதான். காபி உடம்புக்கு நல்லதாம். நூலகத்திலிருந்து ஓர் ஆரோக்கியப் புத்தகம் கொண்டுவந்து, புரியாத இடத்தில் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டேன். அளவாகக் குடிக்கிறவர்களுக்குக் கல்லீரல் நோய் குறைவாம். சர்க்கரை நோய் வருகிற வாய்ப்பும் குறைவாம். மனச்சோர்வு, கை நடுக்க நோய் இரண்டுமே குறைவாகத்தான் தெரிகிறதாம். இத்தனை வருஷம் ஏதோ தப்பு செய்வதுபோல இரண்டாவது டம்ளரை ஒளித்துக் குடித்திருக்கிறேன். படித்து முடித்ததும் எழுந்து நின்றுவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் உன் அத்தான் காபியை விட்டுவிட்டார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. காபி வாசனை வராமல் படுக்கையை விட்டுக் கால் கீழே வைக்காத மனுஷர். ஏன் என்று கேட்டால், “விட்டுப்போச்சு” என்கிறார். சளி விட்டுப்போகும், காய்ச்சல் விட்டுப்போகும். காபி விட்டுப்போகுமா?

காலையில் அடுப்படியில் இரண்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காபி குடிக்கும்போதுதான் நாங்கள் பேசுவோம், உனக்குத் தெரியும். இப்போது அவர் நின்றபடியே வெந்நீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். என் மாதக் கணக்கில் காபித்தூள் பாதியாகிவிட்டது. ஒரு செலவு குறைந்ததற்கு நான் வருத்தப்படுவது இதுதான் முதல் முறை.

எப்படியும் அவரைக் குடிக்க வைப்பேன். நீ படித்தவள், இன்னும் என்னென்ன நன்மை உண்டென்று எழுது.

இப்படிக்கு, உன் பதிலுக்காகத் தபால்காரரை முறைத்துக்கொண்டிருக்கும்
அக்கா


பிப்ரவரி 26

என் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கால் வீக்கம் இறங்கிவிட்டது. இவருக்கு இருமல் நின்று குறட்டை வந்திருக்கிறது. இருமலே பரவாயில்லை.

உன் புத்தகம் சொல்வது சரிதான். ஆனால் அதெல்லாம் காபி குடிக்கிறவர்களை வருஷக்கணக்காகப் பார்த்து எழுதியது. அது மருந்தில்லை, அக்கா. மருந்தாக இருந்திருந்தால் நான் முதல் ஆளாக அட்டைப்பெட்டியில் போட்டு விற்றிருப்பேன். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று டம்ளர் நல்லது. அதிலும் சர்க்கரையை அள்ளிக் கொட்டினால் நன்மை எல்லாம் சர்க்கரையோடு கரைந்துபோகும். சாயங்காலத்துக்கு மேல் குடித்தால் தூக்கம் கெடும்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். தைராய்டு மாத்திரையை எதோடு விழுங்குகிறாய்? காபியோடு என்றால் இன்றோடு நிறுத்து. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இல்லாவிட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது.

கட்டியை முழுசாக எடுத்தாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். மிச்சம் ஏதும் இல்லை என்று ஜூலை ஸ்கேனில் தெரிந்துவிட்டால் நாம் எல்லோரும் மூச்சு விடலாம். தேதி கொடுத்துவிட்டார்களா?

தபால்காரர் பாவம், அவரை முறைக்காதே.
உன் வாலு


மார்ச் 20

அன்புள்ள வாலுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் தினம் இரண்டு வேளை வேண்டிக்கொள்கிறேன். குறட்டைக்கு ஒருக்களித்துப் படுக்கச் சொல்.

மாத்திரையைக் காபியோடுதான் போட்டுக்கொண்டிருந்தேன். மாற்றிவிட்டேன், திட்டாதே.

இப்போது என் யுத்தக் கதையைக் கேள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தை விரித்து வைத்து அவருக்கு உரக்கப் படித்தேன். தட்டைப் பார்த்தபடியே கேட்டார். கல்லீரல் வந்த இடத்தில் தலையாட்டினார். சர்க்கரை நோய் வந்த இடத்தில் “அப்படியா” என்றார். பிடி கிடைத்துவிட்டது என்று நான் குரலை உயர்த்தி மனச்சோர்வு வரைக்கும் படித்து முடித்தேன்.

“இவ்வளவு நல்லதா?” என்றார். “ஆமாங்க” என்றேன். “அப்ப நீ ரெண்டு டம்ளரா குடி” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

கீழ் வீட்டுத் தையற்காரம்மாள் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறாள். மறுநாள் காலையில் டம்ளரோடு வந்து நிற்கிறாள். “அவரு கல்லீரல் எப்படியோ போகட்டும்க்கா, எனக்கு ஊத்துங்க” என்கிறாள். இப்போது அவருடைய ஸ்டூலில் அவள்தான் உட்காருகிறாள். நல்லவள்தான், ஆனால் அவளோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை.

நான் விடப்போவதில்லை. வேறு நன்மைகள் இருந்தால் உடனே எழுது.

தோற்காத
அக்கா


ஏப்ரல் 11

என் அக்காவுக்கு,

நலம். ஒருக்களித்துப் படுத்தும் குறட்டை வருகிறது, என் பக்கம் பார்த்து.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். பேப்பர் வைத்து வடிக்கிற காபிச் சாதனம் அது. இப்படி வடித்தால் கெட்ட கொழுப்பைக் கூட்டுகிற எண்ணெய்ப் பசை பேப்பரிலேயே நின்றுவிடும். அத்தானுக்குக் கொழுப்பு பயம் இருந்தால் அந்தச் சாக்கும் போயிற்று. அவர் வேலைக்கும் சொல்லிப்பார். லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்கிற ஆளுக்குக் கண்ணும் கையும் விழிப்பாக இருக்க வேண்டாமா? காபி அதற்குக் கைகண்டது.

நான் போன கடிதத்தில் தேதி கேட்டிருந்தேன். உன் பதிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், காணவில்லை.

அன்புடனும் கொஞ்சம் கோபத்துடனும்
வாலு


மே 6

கொழுந்தியாளுக்கு,

அத்தான் எழுதுவது. சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல். லிஃப்ட் பழுதைத் தவிர வேறெதையும் நான் எழுதியதில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதை உன் அக்காவுக்குத் தெரியாமல் வைத்துக்கொள். பதிலை என் ஆபீஸ் விலாசத்துக்கு எழுது.

அன்றைக்கு அவளை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோன பிறகு நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று மணி அடித்தது. உள்ளே ஆள் கத்துவது கேட்டது. நான் எழுந்து போகவில்லை. என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. கால் வரவில்லை.

நான் கும்பிடாத ஆள், உனக்குத் தெரியும். அவள் கோயிலுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு வரும்வரை நான் வண்டியில் உட்கார்ந்திருப்பேன். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மேலே பார்த்தேன். டியூப்லைட் தெரிந்தது. அதைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். இவளுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் வாயால் கேட்கிற நாள் வரைக்கும் காபி தொடமாட்டேன் என்று.

வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று சொல்வது உன் அக்காதான். அதனால் அவளிடம் வாய் திறக்க முடியவில்லை. அவளோ தினமும் கல்லீரலைப் பற்றிப் படிக்கிறாள்.

இப்போது சிக்கல். நேற்று ஓர் ஆபீஸில் லிஃப்ட் கதவைச் சரிசெய்து கொடுத்தேன். அங்கே ஓர் அம்மா இரண்டு மிட்டாய் கொடுத்தார். ஒன்றைப் பாதி கரைத்த பிறகுதான் அது காபி மிட்டாய் என்று நாக்குக்குத் தெரிந்தது. துப்புவதற்குள் விழுங்கிவிட்டேன். இது கணக்கில் சேருமா? முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா? இதையெல்லாம் அறிந்தவள் என் வீட்டிலேயே இருக்கிறாள், அவளிடம் கேட்க வழியில்லை. உனக்கு எழுதுவதே மீறலா என்றும் தெரியவில்லை.

சீக்கிரம் பதில் எழுது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தான்


மே 13

அத்தானுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தைக் கடையில் நின்று படித்தேன். வாடிக்கையாளர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவருடைய மருந்துச் சீட்டில்தான் ஏதோ மோசமான செய்தி இருக்கிறது என்று பயந்துபோனார்.

நான் இதில் பெரிய பண்டிதை இல்லை. ஆனால் அக்கா கூடவே வளர்ந்தவள், கொஞ்சம் சட்டம் தெரியும். தெரியாமல் தின்றது கணக்கில் வராது. அந்த இரண்டாவது மிட்டாய் இன்னமும் உங்கள் சட்டைப்பையில்தான் இருக்கும், எனக்குத் தெரியும். அதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். தெரிந்து தின்றால் கணக்கில் வரும்.

யாருக்காக வேண்டினோமோ அந்த ஆளிடம்தான் சொல்லக்கூடாது. கொழுந்தியாளிடம் சொல்லலாம். இந்த விதியை நானே இப்போதுதான் உண்டாக்கினேன், ஆனால் நியாயமாகத்தான் இருக்கிறது. அக்கா அறியாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூலை இருபத்திரண்டு ஸ்கேன் என்று ஆஸ்பத்திரிக்கே போன் பண்ணித் தெரிந்துகொண்டேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு போவது உங்கள் பொறுப்பு. நன்றாகச் சாப்பிடுங்கள்.

வாலு


ஜூன் 8

அன்புள்ள வாலுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க ஆண்டவன் துணை இருப்பார். சாதனம் வந்து சேர்ந்தது. என்ன அழகு! சொட்டுச் சொட்டாக இறங்குகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்பதிலேயே எனக்குப் பாதி வேலை கெடுகிறது. வாசனை மாடிப்படி முழுக்க இறங்கியது. இரண்டாம் மாடிப் பேங்க்காரர் ஏறி வந்து, “என்னம்மா விசேஷம்?” என்று விசாரித்தார். கல்லீரலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் அவருக்கும் சொன்னேன். இப்போது இந்தக் கட்டிடத்தில் காபியின் நன்மை தெரியாதவர்கள் யாரும் இல்லை.

உன் அத்தான் அடுப்படி வாசலில் வந்து நின்றார். கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார். நான் டம்ளரை நீட்டினேன். அவர் கை பாதி தூரம் வந்தது, நான் பார்த்தேன். அப்புறம் அந்தக் கையாலேயே பக்கத்திலிருந்த வெந்நீரை எடுத்துக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு என் கையில் ருசி போய்விட்டதா? என்னிடம் மருந்து நெடி அடிக்கிறதா? உன்னிடம்தான் கேட்க முடியும். நான் போட்ட காபியை அவர் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

காபி மனச்சோர்வுக்கு நல்லது என்பது உண்மைதானே? மறுபடி சொல், அழுத்தமாகச் சொல். அவரிடம் காட்ட வேண்டும்.

அக்கா


ஜூன் 24

என் அக்காவுக்கு,

நலம். உன் கை ருசி எங்கும் போகவில்லை. போயிருந்தால் தையற்காரம்மாள் ஓசியென்றாலும் வந்திருக்க மாட்டாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். காபியில் கெடுதலும் உண்டு. சிலருக்கு நெஞ்சு படபடக்கும், சிலருக்கு வயிறு எரியும். சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது. எல்லோருக்கும் காபி ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அத்தானை வற்புறுத்தாதே. வெந்நீரும் நல்லதுதான், உடம்புக்குத் தண்ணீர் வேண்டும்.

ஜூலை இருபத்திரண்டை மறக்காதே. அதுதான் முக்கியம்.

வாலு


ஆகஸ்ட் 14

வாலுக்கு,

சுகம். உன் சுகத்தைப் பதிலில் எழுது.

நீ கட்சி மாறியதைப் படித்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏப்ரலில் விழிப்பு, கைகண்டது என்றெல்லாம் எழுதினாய். ஜூனில் வெந்நீர் உசத்தி. யாரிடம் லஞ்சம் வாங்கினாய்?

பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. ஜூலையில் குளியலறைக் குழாய் வெடித்து வீடெல்லாம் தண்ணீர். பிறகு வெள்ளையடிக்க ஆள் வந்தான், நான்கு நாள் என்று சொல்லிவிட்டு அசையவில்லை. தையற்காரம்மாள் மகளுக்குப் பரீட்சை, இங்கேதான் உட்கார்ந்து படித்தாள். அவளுக்கும் காபி போட்டுக் கொடுத்தேன், பாஸாகிவிட்டாள். வியாழக்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்துக்கும் இப்போது என் காபிதான். எல்லோரும் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். நினைவாற்றலுக்கு நல்லது என்று ஒரு புதுக் கட்டுரை கிடைத்தது. அதைக் கூட்டத்தில் படித்தேன், கைதட்டினார்கள்.

உன் அத்தான் ஒருவர்தான் பாக்கி. இளைத்துவிட்டார். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன் என்று இரண்டு முறை சொன்னார், எதற்கு என்று கேட்டு நான்தான் அனுப்பினேன். எதற்கும் அவசரம் இல்லை. எல்லாம் ஆண்டவன் பார்த்துக்கொள்வார்.

அக்கா


ஆகஸ்ட் 21

அக்கா,

நலமா என்று கேட்டால் சுகம் என்று எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

உன் கடிதத்தில் குழாய் இருக்கிறது, வெள்ளையடிக்கிறவன் இருக்கிறான், யார் மகளோ பாஸானது இருக்கிறது. ஜூலை இருபத்திரண்டு இல்லை. நீ போகவில்லை.

பயமாக இருக்கிறது, தெரியும். ஆபரேஷனுக்கு முதல் நாள்கூட நீ எனக்குப் போன் பண்ணிச் சோறு வடித்ததைத்தான் சொன்னாய். அதற்காக நான் திட்டப்போவதில்லை.

அத்தான் காபி குடிக்க வேண்டும், உன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பேச வேண்டும். அவ்வளவுதானே உனக்கு வேண்டியது? அதற்குக் கட்டுரை வேண்டாம், கல்லீரல் வேண்டாம். ஸ்கேனுக்குப் போய், டாக்டர் சொல்வதைக் கேட்டுவிட்டு வா. நல்ல பதில் கிடைத்த அன்றே அவர் குடிப்பார். எப்படித் தெரியும் என்று கேட்காதே, சொல்லமாட்டேன். நான் உன்னிடம் இதுவரை பொய் சொன்னது ஒரே கடிதத்தில்தான், அது ஜூன் மாதத்துக் கடிதம்.

உன் கூடப் பிறந்தவள்


செப்டம்பர் 12

என் செல்ல வாலுக்கு,

சுகம். இந்தத் தடவை டாக்டரே சொல்லி எழுதுகிறேன், சுகம்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று நாள் அதை மடித்துப் பூஜைப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். நான்காம் நாள் காலையில் அவர் வெந்நீரோடு நின்றார். கழுத்தெலும்பு தெரிந்தது. “ஸ்கேனுக்கு நாள் கேளுங்க, போவோம்” என்றேன். டம்ளரை வைத்துவிட்டு அப்போதே போனை எடுத்தார். சரி, இதில் ஏதோ இருக்கிறது என்று அங்கேயே எனக்குப் பொறிதட்டியது.

ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருகிற நாளில், எப்போதும்போல, அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே நான் மட்டும் போவதாகத்தான் இருந்தேன். கதவுவரை போன பிறகு என்னால் முடியவில்லை. திரும்பிப் பார்த்தேன். கூப்பிடுவதற்குள் வந்துவிட்டார். டாக்டர் பேப்பரைப் புரட்டினார், என் கழுத்தை அழுத்திப் பார்த்தார். “சுத்தமா இருக்கும்மா. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்” என்றார். எனக்கு அழுகை வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தால் நாற்காலி காலி. உன் அத்தானைக் காணோம்.

லிஃப்டைப் பார்க்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாக் கோடியில் காபி மெஷின் பக்கத்தில் நிற்கிறார். கையில் காகித டம்ளர். ஆவி பறக்கிறது, ஆனால் குடிக்கவில்லை. என்னைப் பார்த்ததும், பரீட்சையில் பக்கத்துப் பையனைக் கேட்பதுபோலக் குனிந்து, “ஒரு வேண்டுதல முடிக்கறதுக்கு முறை ஏதாவது இருக்கா? இல்ல, அப்படியே குடிச்சிரலாமா?” என்றார்.

“எப்ப வேண்டினீங்க?” என்றேன். “உன்ன உள்ள கொண்டுபோனாங்கல்ல, அப்ப” என்றார்.

வாலு, நான் இந்த மனுஷரை உட்கார வைத்துக் கல்லீரலைப் படித்துக் காட்டினேனே. சாதனத்தை மூக்குக்கு நேரே வைத்துச் சொட்டவிட்டேனே. நான் ஸ்கேனைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அவர் வெந்நீர் குடித்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லாமல். என் ஆண்டவனுக்கு நான் கொடுத்ததெல்லாம் பூவும் விளக்கும்தான். கும்பிடத் தெரியாத ஆள் காபியைக் கொடுத்திருக்கிறார்.

நன்றி என்று சொன்னால் போதும், அதுதான் முறை என்றேன். அவர் மேலே பார்த்து, மேலதிகாரிக்குச் சொல்வதுபோல, “ரொம்ப நன்றிங்க” என்றார். பிறகு ஒரு வாய் குடித்தார். “கண்றாவியா இருக்கு” என்றார். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, இன்னொன்று வாங்கப் போனார்.

வீட்டுக்கு வந்து நான் போட்ட காபியைக் குடித்துவிட்டு, டம்ளரை மறுபடி நீட்டினார். ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எட்டு மாதத்துப் பேச்சு முழுவதையும் பேசினோம். எனக்குப் பயமாக இருந்தது என்று வாய்விட்டுச் சொன்னேன். எனக்கும்தான் என்றார். தையற்காரம்மாள் டம்ளரோடு வந்தவள் வாசலிலேயே பார்த்துவிட்டு, “நாளைக்கு வரேங்க்கா” என்று திரும்பிப் போய்விட்டாள்.

ஒரே ஒரு தொல்லை. அடுத்த வருஷ ஸ்கேனுக்கு எதை விடலாம் என்று இப்போதே யோசிக்கிறார். வெங்காயமா, செய்தித்தாளா என்று என்னிடமே ஆலோசனை கேட்கிறார். நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: “எதையும் விட வேணாம். என்கூட உள்ள வந்து உக்காருங்க, போதும்.”

காபி ஆறுகிறது, கூப்பிடுகிறார். மீதியை நாளை எழுதுகிறேன்.

நன்றாக இருக்கிற
அக்கா